1861-இல் நாம் எல்லாரும் யார்? வேடம் கட்டும் இழை

சிராங்கூன் சீமாட்டி
மக்களே, நீண்ட வார இறுதி, வெளியே அடைமழை. ஒரு விளையாட்டு ஆடுவோமா? நம் கூட்டத்தை அப்படியே தூக்கி ஒரு சரித்திரத் தொடரில் போட்டால் யாருக்கு என்ன வேடம்? ஊர் சிங்கப்பூர்தான். தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் ஓடக்கூடாது. தனக்கு வேண்டிய வேடத்தைத் தானே கேட்கக்கூடாது, மற்றவர்கள்தான் கொடுக்க வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் மறுக்கலாம், ஆனால் அந்த வேடத்தை வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டுத்தான் மறுக்கலாம்.

முதல் போணி நானே செய்கிறேன். கோப்பிக்கடை கோவலனுக்குத் தபால் கப்பல் வேடம். மாலுமி இல்லை, கப்பலேதான். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் எல்லாரும் சூழ்ந்துகொள்வோம். இரண்டு மாதத்துக்கு முந்தைய சேதியை இன்று காலை நடந்ததுபோல் சொல்லும்.

புங்கோல் பாண்டியன்
அக்கா, சரித்திரத் தொடர் என்றால் ராஜா வேண்டாமா? ராஜேந்திரன் படை 1025-இல் இந்தப் பக்கம்தானே வந்தது? மரக்கலத்தின் முனையில் ஒருவன் நிற்கிறான், மேலே புலிக்கொடி, முகத்தில் உப்புக்காற்று. நான் எதுவும் கேட்கவில்லை. காட்சியைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பழைய பஞ்சாங்கம்
தம்பி, ஸ்ரீவிஜயத்தின்மேல் சோழர் படை போனது உண்மை. பிடித்த ஊர்களின் வரிசையே கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் அதில் நம் தீவு இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆற்று முகத்தில் எழுத்து வெட்டிய பெரும்பாறை ஒன்று இருந்தது, அதையாவது கேட்கலாம் என்றால் 1843-இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டேன் என்று சொன்னவர்கள் பலர், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளும்படி படித்தவர் ஒருவருமில்லை. படிக்க முடியாத கல்லை நம்பி வாளை உருவாதே.

(மல்லிகைச் சரம் இதை விரும்பினார்)

தஞ்சோங் பகார் தம்பி
ராஃபிள்ஸ் துரை வந்து ஆங்கிலேயர் கொடி நட்ட 1819 வைக்கலாமே. நாராயண பிள்ளை கதையைவிடவா ராஜா கதை பெரிது? பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு ‘இந்தியானா’ கப்பலில் வருகிறார். செங்கல் சூளை போடுகிறார். கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை வைக்கிறார், 1822-இல் கடை தீப்பிடித்து எரிகிறது, கடன்காரர்கள் கழுத்தைப் பிடிக்கிறார்கள். மறுபடி எழுந்து நிற்கிறார். 1827-இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மனுக்குக் கீற்றுக் கொட்டகையில் கோயில். முதல் வாரம் தீ, கடைசி வாரம் கோயில், தொடருக்கு வேறென்ன வேண்டும்? 2019 தொடக்கத்தில் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் அவருக்கும் சிலை வைத்தார்களே, நினைவிருக்கிறதா?

சிராங்கூன் சீமாட்டி
நினைவிருக்கிறது தம்பி. அந்த வரிசையில் பெண் சிலை ஒன்றுகூட இல்லை என்பதும் நினைவிருக்கிறது. இங்கே பாதிப் பேர் பெண்கள். 1819 வைத்தால் நாங்கள் எல்லாம் கரையில் தென்னை மரமாக நிற்க வேண்டியதுதான்.

ஈசூன் எண்கணக்கு
பெண் வேடம்தான் வேண்டுமென்றால் 1943. வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படை முகாம். துப்பாக்கி பிடித்த பெண்கள், அதில் பலர் தோட்டத்து வீட்டுத் தமிழ்ப் பெண்கள். ஆண்களுக்குத்தான் வேடம் குறையும்.

மல்லிகைச் சரம்
அது வேண்டாம் தம்பி. ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு எங்கள் வீட்டிலிருந்து போனவர் திரும்பவில்லை. எங்கள் வயதுக்காரர்கள் வீட்டில் அந்தக் காலத்தைச் சிரித்துப் பேசிப் பழக்கமில்லை. அதைத் தனியாக எழுதலாம், நானே சொல்கிறேன். விளையாட்டுக்கு வேறு வருடம் பாருங்கள்.

ஈசூன் எண்கணக்கு
சரிங்கம்மா. எடுத்துவிட்டேன்.

ஒற்றெழுத்து
நெறியாளர் என்ற முறையில் ஒரு யோசனை. 1887 ஜூனில் ‘சிங்கை நேசன்’ வாரப் பத்திரிகை தொடங்குகிறது. அச்சுக்கூடம், ஆசிரியர், கடிதம் எழுதிச் சண்டை போடும் வாசகர்கள். நமக்கு வேடமே தேவைப்படாது, அப்படியே போய் உட்காரலாம். (மேலே பாண்டியன் முதலில் ‘மரகலத்தின்’ என்று எழுதியிருந்தார். ஒரு ‘க்’ சேர்த்துவிட்டேன்.)

புங்கோல் பாண்டியன்
பத்திரிகை ஆபீசில் வாள் சண்டை வருமா?

ஒற்றெழுத்து
பேனாச் சண்டை வரும்.

பழைய பஞ்சாங்கம்
எல்லாரும் சொல்லி முடித்தீர்களா? 1861. இதைவிட்டால் வேறு வருடம் கிடையாது. காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அந்த வருடம் முடியும் தறுவாயில் இருக்கிறது. அக்டோபரில் முதல் ஆராதனை. கட்டுபவர்கள் யார்? இந்தியாவிலிருந்து கடல் கடத்தப்பட்ட கைதிகள். 1825-இலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள், 1873 வரை இந்த ஊரில் இருந்தார்கள். ரோடு, பாலம், கால்வாய், செங்கல் எல்லாம் அவர்கள் கை. வேடிக்கை என்னவென்றால் அவர்களைக் காவல் காத்ததும் அவர்களிலேயே சிலர்தான். கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். ஒழுங்காக இருந்தால் வகுப்பு உயரும், இடுப்பில் வார்ப்பட்டை ஏறும், திண்டல் என்ற மேற்பார்வையாளர் ஆகலாம், நேற்றுவரை பக்கத்தில் படுத்தவனை இன்றைக்கு மேய்க்கலாம். நல்லபடி நடந்தால் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே போய்ப் பிழைக்கலாம், குடும்பம் நடத்தலாம்.

அரசாங்கம் கல்கத்தாவில். 1867 வரை நாம் அங்கிருந்துதான் ஆளப்பட்டோம். ஒரு கதவுக்குச் சாயம் அடிக்கவும் கடிதம் அங்கே போய் வரவேண்டும். டேங்க் ரோட்டில் செட்டியார் கோயிலுக்குக் குடமுழுக்கு ஆகி இரண்டே வருடம். ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கம் ஜாதிக்காய்த் தோட்டங்கள் நோய் விழுந்து பட்டுப்போய், வெள்ளைக்காரத் துரைமார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். காட்டில் புலி. மிளகு, காசுக்கட்டித் தோட்டத்துக் கூலிகளை அடித்துக்கொண்டு போகிறது. புலியைப் பிடிக்கவும் கைதிகளையே அனுப்பினார்கள். மலைமேல் கேனிங் கோட்டை புதிது. வேறென்ன வேண்டும்?

புங்கோல் பாண்டியன்
ஐயா, ராஜாவைத் தவிர எல்லாம் இருக்கிறது.

பழைய பஞ்சாங்கம்
இன்னொன்றை விட்டுவிட்டேன். அந்தத் தேவாலயத்துச் சுவர்ப்பூச்சு. நம் மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பை எடுத்து, முட்டை வெள்ளைக் கருவும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு அடித்துக் களியாக்கி, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீரை விட்டுக் குழைப்பார்கள். பூசி, காய்ந்தபிறகு வழவழப்பான கல்லை வைத்துத் தேய்தேய் என்று தேய்ப்பார்கள். அதுதான் அந்தப் பளபளப்பு. சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கி நடந்துபோய்ப் பாருங்கள்.

(மல்லிகைச் சரம் இதை விரும்பினார்)

கோப்பிக்கடை கோவலன்
ஒரு சந்தேகம். தேவாலயம் முழுக்க முட்டை வெள்ளைக் கரு என்றால், மஞ்சள் கரு எங்கே போனது?

சிராங்கூன் சீமாட்டி
…

தஞ்சோங் பகார் தம்பி
…

சிராங்கூன் சீமாட்டி
கோவலா, கப்பல் கொண்டுவந்த முதல் உருப்படியான சரக்கு இது. தொடருக்குக் கதை கிடைத்துவிட்டது! ஆயிரக்கணக்கில் மஞ்சள் கரு. யாரோ ஒருவர் அதை வைத்துப் பணம் பண்ணுகிறார். யார்?

பழைய பஞ்சாங்கம்
பதிவேட்டில் அப்படி எதுவும் நான் பார்த்ததில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். இது உங்கள் கற்பனை. வாசிக்கிறவர்கள் நாளைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வரலாறு என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது.

சிராங்கூன் சீமாட்டி
கற்பனைதான் ஐயா, ஒத்துக்கொள்கிறோம். 1861 முடிவு. இனி வேடம். ஈசூன் எண்கணக்கில் தொடங்குவோம்.

தஞ்சோங் பகார் தம்பி
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் வட்டிக்கடை ஏஜண்டு. போன வருடம் ஈஸ்ட் கோஸ்ட்டில் சாப்பிட்டதற்கு இன்னும் நான்கு வெள்ளி இருபது காசு பாக்கி என்று எனக்கு மாதாமாதம் செய்தி வருகிறது.

ஈசூன் எண்கணக்கு
நான்கு வெள்ளி ஐம்பது. பாக்கெட் தண்ணீரை நீங்கள் சேர்க்கவில்லை.

ஒற்றெழுத்து
இதற்குமேல் வாக்கெடுப்பு தேவையா?

ஈசூன் எண்கணக்கு
மறுக்கவில்லை. ஆனால் சரியாகச் செய்யுங்கள். சினிமாவில் வருவதுபோல் கொழுத்த லேவாதேவிக்காரனாக என்னைக் காட்டாதீர்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே இருப்பவர் மேலாள், சம்பளக்காரர். மூன்று வருடக் கணக்குக்கு வந்தவர். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்குக் கீழே பெட்டியடிப் பையன். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். ஒரே நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேரேடு எழுதி, அங்கேயே சாப்பிட்டு அங்கேயே பாய் விரித்துப் படுக்க வேண்டும். இரவில் பக்கத்துப் பெட்டிக்காரர் குறட்டை. கணக்கில் ஒரு சல்லி இடித்தால் தூக்கம் வராது. அந்த ஆளை நான் செய்கிறேன்.

சிராங்கூன் சீமாட்டி
விதிப்படி தன் வேடத்தைத் தானே கேட்கக்கூடாது. ஆனால் இவ்வளவு உருக்கமாகக் கேட்டபிறகு எப்படி மறுப்பது?

கோப்பிக்கடை கோவலன்
ஒற்றெழுத்துக்கு முன்ஷி, அதாவது துரைமாருக்குக் கடிதம் எழுதும் மொழி வாத்தியார். இதை நான் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது சொல்வார்கள். துரையின் கடிதத்தில்கூட ‘ப்’ விட்டுப்போனது என்று திருத்தி அனுப்புகிற முன்ஷி.

பழைய பஞ்சாங்கம்
முன்ஷி அப்துல்லா 1854-இலேயே காலமாகிவிட்டார். தமிழும் மலாயும் அரபும் தெரிந்தவர், ராஃபிள்ஸ் பல்லைக் கடித்தால்கூட எழுதி வைத்தவர். அவர் பெயரை இழுக்காமல் வேறொரு முன்ஷி என்று வையுங்கள்.

ஒற்றெழுத்து
வேறொரு முன்ஷியாகவே இருக்கிறேன். அவர் உயரத்துக்கு எனக்கு எட்டாது. ‘பல்லைக் கடித்தால்கூட’ சரியாக எழுதியிருக்கிறீர்கள் ஐயா, நன்றி.

தஞ்சோங் பகார் தம்பி
எனக்கு?

சிராங்கூன் சீமாட்டி
கேட்கக்கூடாது!

ஈசூன் எண்கணக்கு
தம்பிக்குத் தொங்கான்காரர், அதாவது சரக்குப் படகுக்காரர். படகுத்துறையில் கப்பலுக்கும் கரைக்கும் சரக்கு ஏற்றி இறக்கும் நாகப்பட்டினத்துக்காரர். யாரிடமும் சண்டை கிடையாது, எல்லாரிடமும் பேச்சு உண்டு, எந்தக் கப்பலில் என்ன வந்தது என்று இறக்குவதற்கு முன்பே தெரியும். இந்த இழைகளில் யார் யாரோடு கோபம் என்று தம்பியைக் கேட்டால்தானே எனக்கே தெரிகிறது?

தஞ்சோங் பகார் தம்பி
மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை மட்டும் துறையில் வேலை இல்லை என்று காட்சியில் சேர்த்துவிடுங்கள். தெலுக் ஆயரில் குச்சுப் பள்ளிக்குத் தொழப் போய்விடுவேன். நாகூர் தர்காவும் அதே தெருவில்தான். கடல் அப்போது அந்தத் தெரு வாசல்வரை இருந்தது என்பதையும் காட்டுங்கள். இப்போது அங்கே நின்றால் கடலைப் பார்க்க டாக்சி பிடிக்க வேண்டும்.

புங்கோல் பாண்டியன்
எல்லாருக்கும் ஆயிற்று. மதுரைக்காரன் ஒருவன் இங்கே மூலையில் நிற்கிறான்.

கோப்பிக்கடை கோவலன்
பாண்டியனுக்குக் கைதி. வீர வசனம் பேசி மாட்டிக்கொண்ட கைதி. வந்த முதல் நாளே ‘எங்கள் ஊரில்’ என்று தொடங்கியவர்தானே.

புங்கோல் பாண்டியன்
கைதி என்றால் பரவாயில்லை, ஆனால் கோழி திருடியதற்கு வேண்டாம். பாளையக்காரர் போரில் பிடிபட்டவனாக இருக்கட்டும். ஐயா, அப்படி யாரையாவது கடல் கடத்தினார்களா?

பழைய பஞ்சாங்கம்
கடத்தினார்கள். 1802-இல் தூத்துக்குடியிலிருந்து 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அதில் ஒருவர். அப்போது அவர் பதினைந்து வயதுப் பிள்ளை என்று சொல்வார்கள்.

புங்கோல் பாண்டியன்
ஆ! அதுதான் என் வேடம். அவரில்லை, அவரோடு வந்த பெயர் தெரியாத ஒருவன்.

பழைய பஞ்சாங்கம்
நல்லது. 1802-இல் உனக்கு இருபது என்று வைத்தால் 1861-இல் 79. பல் இருக்காது. பினாங்கிலிருந்து இங்கே எப்படி வந்தாய் என்பதற்கு நீதான் காரணம் சொல்ல வேண்டும். சம்மதமா?

புங்கோல் பாண்டியன்
…சம்மதம். பல் இல்லாமலும் வீர வசனம் பேசலாம்.

(மல்லிகைச் சரம் இதை விரும்பினார்)

சிராங்கூன் சீமாட்டி
மல்லிகை அம்மாவுக்கு நான் சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. புலி.

எந்த இழையிலும் சத்தமே இருக்காது. யாரும் இல்லை என்று நினைத்து நாம் உளறிக்கொண்டிருப்போம். கீழே பார்த்தால் ‘விரும்பினார்’ என்று ஒரு தடம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு புதருக்குள்ளேயே இருக்கிறார்!

மல்லிகைச் சரம்
ஹா ஹா. புலிக்கு வசனம் கிடையாதே, அதுவே பெரிய நிம்மதி. ஆனால் கூலிகளைத் தின்ன மாட்டேன். பாவம், அவர்கள் கடனை அடைக்கவே உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள். ஜாதிக்காய்த் தோட்டத்துத் துரை ஒருவர் இருந்தால் அனுப்புங்கள்.

தஞ்சோங் பகார் தம்பி
பஞ்சாங்கம் ஐயாவுக்கு என்ன?

ஈசூன் எண்கணக்கு
கேனிங் கோட்டைப் பீரங்கி. விடிகாலையில் ஒரு வெடி, இரவில் ஒரு வெடி. ஊரே அதைக் கேட்டுத்தான் பொழுது பார்க்கும். ஐயாவின் பதிவும் பொழுது விடியுமுன் வந்துவிடும், வந்தால் ஒருவன் தப்பு செய்திருக்கிறான் என்று பொருள்.

பழைய பஞ்சாங்கம்
ஏற்கிறேன். இனி தவறு வந்தால் ‘டும்’ என்று மட்டும் போடுகிறேன். விளக்கம் பிறகு.

சிராங்கூன் சீமாட்டி
முதல் காட்சிக்கு நான் மூச்சு வாங்குவதற்குள் ஒரு முயற்சி: ‘வாயு விளக்கு மினுக்கும் தெருவில் ரிக்‌ஷா ஒன்று கடகடவென்று…’

பழைய பஞ்சாங்கம்
டும். டும்.

வாயு விளக்கு 1864. ரிக்‌ஷா 1880. தெருவில் தேங்காய் எண்ணெய் விளக்கு, குதிரை வண்டி. தந்தியும் கிடையாது, அது 1871. தோட்டம் என்றால் ரப்பர் என்று எழுதிவிடாதீர்கள், அதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது.

கோப்பிக்கடை கோவலன்
தே தாரிக்? நம் இழுத்து ஆற்றும் பால் டீ?

பழைய பஞ்சாங்கம்
டும்.

ஒற்றெழுத்து
பெண்கள் விஷயம் அப்படியே நிற்கிறது. சீமாட்டிக்கு வேடம் இல்லை. கவர்னர் மனைவி என்றால் சும்மா விசிறிக்கொண்டு உட்கார வேண்டும், அது இவருக்கு ஆகாது.

பிடோக் பொன்னி
தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும், மூன்று ஷிப்ட் பார்த்துவிட்டு இப்போதுதான் படிக்கிறேன். இதற்கு நான் பதில் சொல்லலாமா? என் பாட்டி வழியில் மலாக்கா செட்டிகள். நாங்கள் சுல்தான் காலத்திலேயே வந்த தமிழ் வணிகர் வம்சம். வீட்டில் பேச்சு மலாய், கும்பிடுவது சிவனையும் அம்மனையும், கட்டுவது சாரோங் கெபாயா. ஊரிலிருந்து வந்த ஆண்கள் தனியாக வந்தார்கள், சரி. ஆனால் எங்கள் பெண்கள் இங்கேயே பிறந்தவர்கள். மலாக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு விதவை வந்து பலகாரக் கடை போட்டாள் என்றால் யாரும் ‘டும்’ போட முடியாது.

பழைய பஞ்சாங்கம்
போட முடியாது. நல்ல வேடம்.

சிராங்கூன் சீமாட்டி
பொன்னி, பலகாரக் கடை என்றாயே, மஞ்சள் கரு!

பிடோக் பொன்னி
அதேதான். முட்டை ஒப்பந்தக்காரி நீங்கள், அக்கா. கம்பம் கம்பமாக, கிராமம் கிராமமாகப் போய் முட்டை வாங்கித் தேவாலயத்துக்குக் கொடுக்கிறீர்கள். வெள்ளைக் கரு அரசாங்கத்துக்கு. மஞ்சள் கரு பின்வாசல் வழியாக என் கடைக்கு. உங்களுக்குச் சீட்டு வாங்கி வெளியே வந்த பெண் கைதி வேடம். பெண் கைதிகளும் வந்தார்கள்தானே ஐயா?

பழைய பஞ்சாங்கம்
வந்தார்கள். எண்ணிக்கை குறைவு. அவர்களைப்பற்றி எழுதியது அதைவிடக் குறைவு.

சிராங்கூன் சீமாட்டி
எனக்கு இந்த வேடம் ரொம்பப் பிடித்திருக்கிறது. என்ன குற்றம் செய்து வந்தேன் என்பதை மட்டும் கடைசி வாரம்வரை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒற்றெழுத்து
எல்லாரும் சேர்ந்து அனுப்பியதைக் கோர்த்து முதல் காட்சியை எழுதிவிட்டேன். பிழை இருந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்.

*இடம்: தேவாலயத்து வேலைத்தளம். விடியும் நேரம். மலைமேல் பீரங்கி வெடிக்கிறது. காக்கைகள் கலைகின்றன. சுண்ணாம்புத் தொட்டிக்குள் நான்கு கைதிகள் மட்டைத் தண்ணீரை ஊற்றி மிதிக்கிறார்கள். ஓரத்தில் 79 வயதுக் கிழவர், மடியில் ஒரு உருண்டைக் கல், சுவரில் ஒரு முழ இடத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்.*

முன்ஷி: பெரியவரே, அந்த இடத்தை நேற்றே தேய்த்தாயிற்று.

கிழவர்: முகம் தெரியவில்லை ஐயா.

முன்ஷி: சுவரில் எதற்கு முகம்?

கிழவர்: கும்பினிக்காரன் கோயிலை நான் கட்டிக்கொடுக்கிறேன். இதில் என் முகமாவது தெரியட்டும்.

*முட்டைக்காரி கூடையோடு வருகிறாள். பின்னால் கிட்டங்கி ஏஜண்டு, கக்கத்தில் பேரேடு.*

ஏஜண்டு: போன கிழமை எத்தனை கூடை?

முட்டைக்காரி: எத்தனை வந்ததோ அத்தனை.

ஏஜண்டு: முட்டை வாங்கக் கடன் கொடுத்தவன் நான். வெள்ளைக்குத் துரை காசு கொடுத்துவிட்டார், வரவில் இருக்கிறது. ஓடு குப்பைக்குப் போனது, அதையும் எழுதிவிட்டேன். நடுவில் ஒன்று இருக்குமே அம்மா, அது எந்தப் பத்தியில் வரும்?

முட்டைக்காரி: (கூடையை இடுப்பு மாற்றி) இந்த ஊர்க் கோழிகளுக்கு நடுவில் ஒன்றும் இருப்பதில்லை ஏஜண்டு ஐயா.

*முன்ஷி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்கிறார். தூரத்தில் தொங்கான்காரர் குரல்: ‘கப்பல் வருது!’ எல்லாரும் ஓடுகிறார்கள். கப்பல் வரவில்லை.*

கோப்பிக்கடை கோவலன்
என்னை வைத்து இவ்வளவு அநியாயமா? சரி, இரண்டாவது வாரமாவது வருவேனா?

புங்கோல் பாண்டியன்
முன்ஷி சார், ‘முகமாவது தெரியட்டும்’ என்பதை நான் எழுதவில்லை. நான் அனுப்பியது ஒன்றரைப் பக்க வசனம், அதில் வாளும் வேலும் இருந்தன. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு இதை வைத்திருக்கிறீர்கள். கோபமில்லை. என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், ‘நீ பேசியதிலேயே இதுதான் சின்னது, இதுதான் நல்லது’ என்றாள்.

பழைய பஞ்சாங்கம்
டும். கும்பினி ஆட்சி 1858-இலேயே முடிந்துவிட்டது. 1861-இல் மகாராணி ஆட்சி. ஆனால் கிழவருக்கு 1802-இல் நின்றுபோன கோபம், அவர் கும்பினி என்றே சொல்லட்டும். இந்த ஒரு வெடியை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

(மல்லிகைச் சரம் இதை விரும்பினார்)

ஈசூன் எண்கணக்கு
ஏஜண்டுக்குச் சந்தேகம் வந்தது சரி. ஆனால் அவர் நேரே கேட்க மாட்டார். பொன்னி கடைக்குப் போய் ஒரு பலகாரம் வாங்கித் தின்பார். நிறத்தைப் பார்ப்பார். ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து, அன்றைய குறிப்பில் ‘பலகாரம் ஒன்று, நல்ல மஞ்சள்’ என்று எழுதுவார். இரண்டாவது காட்சியில் இதை வையுங்கள்.

பிடோக் பொன்னி
வைக்கலாம். காசு கொடுத்துவிட்டுப் போவாரா, கணக்கில் வைப்பாரா?

ஈசூன் எண்கணக்கு
கொடுப்பார். இவர் கடன் கொடுக்கிற ஜாதி, கடன் சொல்கிற ஜாதி இல்லை.

மல்லிகைச் சரம்
புலியும் ஒருநாள் பலகாரக் கடைப் பின்வாசலுக்கு வரலாமா? அடிக்க இல்லை. வாசனைக்கு.

பிடோக் பொன்னி
வாங்கம்மா. கதவைத் திறந்தே வைக்கிறேன், உள்ளே நான் இருக்க மாட்டேன்.

தஞ்சோங் பகார் தம்பி
ஒரு யோசனை. அந்தப் பூச்சை நாமே செய்து பார்த்தால் என்ன? என் வீட்டு மாடியில் ஒரு பழைய பலகை இருக்கிறது. தேக்காச் சந்தையில் சுண்ணாம்பு கிடைக்கும், நாட்டுச் சர்க்கரை கிடைக்கும், மட்டை தேங்காய்க்காரரிடம் கேட்டால் சும்மாவே தருவார்.

பழைய பஞ்சாங்கம்
வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு போதாது. ஆனால் ஒரு சாண் பலகைக்குப் பரவாயில்லை, பார்க்கலாம். சுண்ணாம்பு கண்ணுக்குள் தெறிக்காமல் செய்யுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். தேய்க்கிற கல்லை நான் கொண்டுவருகிறேன்.

புங்கோல் பாண்டியன்
தேய்ப்பது நான். வேடம் என்னுடையது.

ஈசூன் எண்கணக்கு
செலவு விவரம்: முட்டை ஒரு தட்டு, சர்க்கரை, சுண்ணாம்பு, கையுறை. வருகிறவர்கள் எண்ணிக்கையால் வகுத்து முன்பணம் வாங்கப்படும். தம்பியின் நான்கு வெள்ளி ஐம்பது இதில் சேராது, அது தனி.

சிராங்கூன் சீமாட்டி
முட்டையை நான் வாங்கி வருகிறேன், ஒப்பந்தம் என்னுடையதல்லவா?

ஈசூன் எண்கணக்கு
வாங்குங்கள். ரசீது வேண்டும். மஞ்சள் கருவும் கணக்கில் வர வேண்டும்.

பிடோக் பொன்னி
மஞ்சள் கருவா? வெள்ளைக்கிழமை ராத்திரியே என் வீட்டுக்கு வந்துவிட்டதே.

ஒற்றெழுத்து
‘வெள்ளிக்கிழமை.’ திருத்தவா, விடவா?